காலைத் தேய்த்து நட

பின்னால் வந்த காலடிச் சத்தம் சரியில்லை.

ப்ளக். ப்ளக். தண்ணீரிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற சத்தம்.

காலையிலிருந்து தூண்டிலுக்கு ஓய்வில்லை. ஆசை யாரை விட்டது? கடல் வற்றத் தொடங்கியதைக் கவனிக்காமல் இருந்துவிட்டு, கயாக் படகுகளின் அடி மணலில் தட்டிய பிறகுதான் இருவருக்கும் சுரணை வந்தது. ஆளுக்கொரு கயாக்கை இடுப்பில் கயிறு கட்டி இழுத்தபடி, முழங்கால் தண்ணீரில், முன்னால் அவரும் பின்னால் அவர் மச்சினனுமாகக் கரை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் பனிமூட்டம் வந்து கவிந்தது. சேற்று வாடை மூக்கை அடைக்க, வெயில் எங்கோ மேலே வெளுத்துக் கிடக்க, நீட்டிய கைகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

இந்த மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். மிதித்தால் வால்முள் ஏறிவிடும். அதனால் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும். அதிர்வு பட்டதும் அது விலகிப் போகும். போன வருஷம் முள் குத்தி ஊரையே கூட்டியவன் மச்சினன். அதிலிருந்து குளியலறையில்கூடக் காலைத் தேய்த்துத்தான் நடக்கிறான் என்று அவன் அக்கா கிண்டல் செய்வாள்.

அவனா இப்படி நடக்கிறான்?

"டேய், காலைத் தூக்காதடா!"

ப்ளக். ப்ளக்.

"விளையாடுற நேரமாடா இது? உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தார். தன் கயாக்கின் முனை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கப்பால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மச்சினனின் குரல் கேட்டது. பின்னாலிருந்து அல்ல. வெகு தூரத்தில், அலை உடைகிற ஆழத்துப் பக்கமிருந்து.

"மாமா, மெதுவா போங்க. எனக்குத் தண்ணி இடுப்புக்கு மேல வந்துடுச்சு. ஏன் எதுவுமே பேச மாட்டேங்கறீங்க?"

அவர் குரல் வந்த திசையில் திரும்பினார்.

"காலைத் தூக்கி வைக்காதீங்க மாமா! திருக்கை கெடக்கும். எத்தனை வாட்டி சொல்றது!"

"டேய்! அது நான் இல்லடா! நில்லு! திரும்பி வந்துடு!" தொண்டை கிழியக் கத்தினார்.

"மாமா?" அவன் குரல் தடுமாறியது.

பிறகு அங்கிருந்தே இன்னொரு குரல். அவருடைய குரல். அதே கரகரப்பு.

"கரை வந்தாச்சு. வாடா."

"அப்பாடா! பயந்தே போயிட்டேன்."

அவனை நோக்கி ஓடப் பார்த்தார். கயிறு இடுப்பை இறுக்கியது. பின்னால் எதுவோ கயாக்கைப் பிடித்திருந்தது. முடிச்சைப் பிய்த்தார். அவிழவில்லை.

மூட்டம் லேசாக விலகியது.

கழுத்தளவுத் தண்ணீரில் மச்சினன். அவனுக்கு முன்னால், அவர் போட்டிருந்த அதே நீலச் சட்டையில், ஒரு முதுகு. அந்த ஆழத்திலும் அதற்கு முழங்கால் அளவுதான் தண்ணீர்.

திரும்பாமலே அது கையைப் பின்னால் நீட்டியது. சிரித்தபடி எட்டிப் பிடித்துக்கொண்டான் மச்சினன்.