தேனடைக் குகையில் கோத்த பக்கம்

“எங்கப்பா இந்த ஊற்றைப் பொதுவுல விட்டாருன்னு எல்லாரும் சொல்றீங்களே, அதுக்கு எழுத்து எங்க இருக்கும்மா?”

செங்கமலத்திடம் இப்படிக் கேட்டவர் பெரியவீட்டு நல்லதம்பி. மூன்று ஊர் குடித்துவந்த மலையடி ஊற்றைச் சுற்றி அந்தச் சித்திரையில் அவர் முள்கம்பி வேலி போட்டுப் பூட்டியிருந்தார். “எங்கப்பா எழுத்தைக் காட்டுங்க. நானே பூட்டைத் திறக்கிறேன்” என்று கூட்டத்தில் சவாலும் விட்டார்.

செங்கமலம் கடைவீதி அச்சகத்தில் ஈய எழுத்துகளை அச்சுக்குக் கோப்பவள். அதிகம் பேசமாட்டாள். மறுநாள் அச்சகப் பரணில் ஏறிப் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். அச்சகத்தின் முதல் உரிமையாளர், 1942இல் போலீசுக்குத் தெரியாமல் மலையில் துண்டறிக்கை அடித்தவர். பிடிபட்டுச் சிறையிலேயே இறந்துபோனவர். அதில் அவருடைய கடைசிக் குறிப்பு இது: ‘பெரியவீட்டார் தந்த ஊற்று அறிவிப்பு. கோத்தாயிற்று. தேனடைக் குகை. இன்னும் அடிக்கவில்லை.’

இருபத்திரண்டு வருடமாக அடிக்காத அறிவிப்பு!

விடிந்ததும் மூன்று பேர் புறப்பட்டார்கள். முன்னால் தேன் எடுக்கும் ராக்கு, தோளில் கயிறும் பந்தத்துக்கு எண்ணெயும். நடுவில் செங்கமலம். பின்னால் அவள் அத்தை மகன் மாசிலாமணி, கோத்த பக்கத்தைச் சுற்றிக் கொண்டுவர ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு.

“ஏன் ராக்கு, குகையில தேனீ இருக்குமா?” என்றான் மாசிலாமணி.

“இருக்கும். உன்னையப் பாத்தா அதுவே ஓடிரும், பேசாம வா.”

உச்சிவெயிலில் பாறை விளிம்பை அடைந்தார்கள். ராக்கு கயிற்றை மரத்தில் கட்டினாள். ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். உள்ளே ஈரமும் இருட்டும். பந்தத்தை உயர்த்தினால், கூரைப்பாறை விழுந்து நொறுங்கிய அச்சு இயந்திரம்! அதற்கு அப்பால் ஒரு தட்டைக் கல்லில், இரும்புச் சட்டத்துக்குள் ஈய எழுத்துகள் வரிசையாகக் கிடந்தன.

செங்கமலம் மண்டியிட்டு, இடவலம் மாறிய எழுத்துகளை விரலால் தொடாமல் வாசித்தாள். “இந்த ஊற்று... மூன்று ஊருக்கும்... என்றைக்கும் பொது.” அடியில் நல்லதம்பியின் அப்பா வைக்கும் பெரியவீட்டுக் காளை முத்திரை.

“அப்புறமென்ன, தூக்குவோம்!” மாசிலாமணி குனிந்தான்.

“தொடாதீங்க அத்தான்!”

அவள் கத்தி அவன் கேட்டதே இல்லை. கையை இழுத்துக்கொண்டான்.

“சட்டம் துருப்பிடிச்சு விட்டுப்போச்சு. எழுத்தை இறுக்கின மர ஆப்பெல்லாம் கரையான் தின்னுருச்சு. அசைச்சா அத்தனையும் கொட்டிரும். கொட்டிட்டா இது வெறும் ஈயம்.”

“அப்ப இத்தனை தூரம் வந்தது?” ராக்குவின் குரல் இறங்கிவிட்டது.

செங்கமலம் பந்தத்தைப் பார்த்தாள். அதன் புகை பாறையில் கரியாகப் படிந்துகொண்டிருந்தது. “இதை எதுக்குத் தூக்கணும்? இங்கேயே அடிப்போம்!”

கரியை வழித்தார்கள். எண்ணெய் விட்டுக் குழைத்தார்கள். தாளை ஈரக்கையால் நனைத்தார்கள். செங்கமலம் அந்த மையைத் துணிப்பொட்டலத்தால் எழுத்தின் மேல் மெல்ல ஒற்றினாள். தாளை விரித்து உள்ளங்கையால் அழுத்தினாள். முதல் தாள் ஒரே கறுப்பு. இரண்டாவதில் பாதி வரி காணோம். மூன்றாவதில் எல்லாம் விழுந்தது, காளையின் கொம்பு உட்பட!

நாற்பதாவது நல்ல தாளை உரித்தபோது மேல்வரி சாய்ந்தது. சரசரவென்று பக்கம் முழுவதும் சரிந்தது.

“போச்சே!” என்றான் மாசிலாமணி.

“போகட்டும். வரவேண்டியது வந்தாச்சு” என்றாள் செங்கமலம்.

அன்றிரவே தாள்கள் மூன்று ஊருக்கும் போய்விட்டன.

மறுநாள் காலை ஊற்றடியில் செங்கமலம் ஒரு தாளை நீட்டினாள். நல்லதம்பி முதல் வரியைப் பார்த்ததுமே இரண்டாகக் கிழித்தார். “எழுத்து எங்க இருக்கு இப்போ?”

“இங்கன இருக்குங்க” என்றார் டீக்கடைக்காரர், மடியிலிருந்து ஒன்றை எடுத்து. வாத்தியார் கையிலும் ஒன்று. வண்ணார் மாடத்தி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் தன்னுடையதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தாள்.

“முப்பத்தொம்பது பாக்கி இருக்கு. கிழிக்கிறதுன்னா உக்காந்து கிழிங்கய்யா, மோர் தர்றோம்” என்றாள் ராக்கு.

யாரோ சிரித்தார்கள். வாத்தியார் உரக்க வாசித்தார். ஒருவர் வாயில் இருந்தவரை வதந்தியாக இருந்த சொல், நாற்பது தாளில் ஏறியதும் ஊர்ச்சொல் ஆகிவிட்டது.

நல்லதம்பி டீக்கடைக்காரரின் தாளை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார். காளை முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குடங்களோடு நின்ற பெண்கள் விலகி விட்ட வழியே நடந்து போனார்.