வெடி வந்த திசை

லதீனா காவல் நிலையத்திற்குள் நுழைந்தாள்; உட்கார மறுத்தாள். காலணியில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் பரவியதை அவள் கவனிக்கவுமில்லை.

"எம் புருஷன் தூரியை ஜியெரிதான் கொன்னான். பனிச்சரிவு இறங்கிருச்சு, இனி பயமில்லைன்னு ரோட்டைத் தொறந்தான். இருபது நிமிஷத்துல அவரு பனி தள்ளுற வண்டியோட பொதைஞ்சு போயிட்டாரு."

துப்பறிவாளர் யாஹென் அவளையும், ஆர்வம் தாங்காத உதவியாளர் செராய்னாவையும் அழைத்துக்கொண்டு மலைச்சாலைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றார். அங்கே பணியிலிருந்த ஜியெரி எழ முயன்று, சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோல்களைத் தேடினான்.

"உட்காருங்க. கால் எப்ப உடைஞ்சது?" என்றார் யாஹென்.

"டிசம்பர்ல, சார்."

பள்ளத்தாக்கின் நடுவே பனிக்கடியில் நான்கு ஒலிவாங்கிகள் புதைந்திருந்தன. மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை எது முதலில் கேட்டது என்பதைக் கொண்டு, பனிச்சரிவு எத்திசையில் இறங்கியது என்று கணினி சொல்லும். அன்று காலை கண்மறைக்கும் பனிப்பொழிவு. வேறு சாட்சி இல்லை.

"நான் குத்துமதிப்பாத் தொறக்கலை, சார்," என்றான் ஜியெரி. "ரோட்டுக்கு மேல தெற்குச் சரிவுல தொங்குற பனியை இறக்க வெடி வெச்சோம். அடுத்த நிமிஷமே தெற்கே இறங்கிருச்சுன்னு இதுல வந்துச்சு."

"பதிவை மாத்திட்டாரு சார்!" என்றாள் செராய்னா.

"மூச்சு விட்டுட்டுப் பேசும்மா. காலை ஒடிச்சுக்கிட்டவரு எங்கயும் ஓடிட மாட்டாரு. இதுக்கு மேல் வரியைப் படிச்சியா?" என்று யாஹென் திரையைக் காட்டினார்.

"அது வெடிச் சத்தம். இவங்களே வெச்சது. அதைப் போய் யாரு படிப்பா?"

"யாருமே படிக்கலை. ஆறு முப்பத்தெட்டு, வெடி, திசை வடக்கு."

ஜியெரியின் முகம் வெளிறியது. "வெடி வைக்கிற கம்பம் தெற்குலதானே நட்டிருக்கு!"

"கம்பம் நடந்து போகாது. அப்ப திசைதான் தலைகீழ். நிஜத்துல இறங்குனது ஆளில்லாத வடக்குச் சரிவு. தெற்குப் பனி அப்படியே தொங்கிட்டிருந்திருக்கு."

ஒரே ஒரு வரி! எல்லாருடைய கண்ணெதிரிலும் மூன்று நாள்களாக அது கிடந்தது.

யாஹென் பழைய பதிவுகளைப் புரட்டினார். "ஜனவரி ஒன்பது வரைக்கும் ஒவ்வொரு வெடியும் தெற்கு. அன்னைக்கு ஒலிவாங்கி ரெண்டு மணி நேரம் நின்னிருக்கு. அதுக்கப்புறம் வெச்ச ஒரே வெடி இதுதான். ஒன்பதாம் தேதி போய் ஒலிவாங்கிக் கேபிள்களை இடம் மாத்திச் சொருகினது யாரு?"

ஜியெரி லதீனாவை ஒருமுறை பார்த்தான். "நான்தான்."

"ரெண்டு ஊன்றுகோலோட, இடுப்பளவு பனியிலயா?"

சுவரில் சாய்ந்து நின்ற லதீனா பேசினாள். அவள் குரலில் அழுகையுமில்லை, கோபமுமில்லை.

"தூரி போனாரு. கேபிளை எலி கடிச்சிருச்சு, ஜியெரிக்குக் கால் முடியலைன்னாரு. விரலெல்லாம் மரத்துப்போய்த் திரும்பி வந்தாரு. சூப்புக் கிண்ணத்தைப் பிடிக்கக்கூட முடியலை."

"செத்தவன் மேல பழி எதுக்கு லதீனா?" என்றான் ஜியெரி. "என் பேரே இருக்கட்டும்."

"வேணாம். நடந்ததையே எழுதுங்க, சார்." அவள் ஜியெரியின் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு ரோடு தொறக்கிறியா?"

"நாலு மணிக்கு. ஸ்கூல் பஸ் போகணும்."

"அந்தக் கேபிள் இன்னும் அப்படியேதான் இருக்கு. தொறக்காத."