கிழக்கு ஜன்னல்

காலை எட்டரை. ஆனந்தகிருஷ்ணன் கல்லூரி வேலைவாய்ப்பு மையத்தின் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். அவருக்குப் பின்னால் நின்ற ஆர்த்திகா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய கருவி தரையில் கிடந்தது.

மூன்றுகால் தாங்கி குப்புற விழுந்திருந்தது. ஒலிவாங்கி பொருத்திய நீளமான கை இரண்டாக முறிந்திருந்தது. சின்னக் கறுப்புப் பெட்டி வாசல்வரை உருண்டு வந்திருந்தது. எதிர்ச்சுவரில் இருந்த, கம்பி போட்ட ஒற்றை ஜன்னல் விரியத் திறந்து கிடக்க, காலை வெயில் அதன் வழியே நேராக உள்ளே இறங்கியிருந்தது.

ஆர்த்திகா கத்தவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து பெட்டியைக் கையில் எடுத்தாள். லேசாகக் காதருகே வைத்து ஆட்டினாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டாள்.

காற்றாலை இறக்கை சுழலும் சத்தத்தைக் கேட்டு, உள்ளே விரிசல் விழுந்திருக்கிறதா என்று சொல்லிவிடும் கருவி அது. ஆரல்வாய்மொழி மலையடிவாரத்து இன்ஜினியரிங் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஆர்த்திகா, போன வருடம் முழுக்க அதோடுதான் மல்லாடினாள். சென்னையிலிருந்து ஒரு காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம் அதைப் பார்க்க இன்று வருகிறது. கருவி ஓடினால், படிப்பு முடிந்ததும் அவளுக்கு வேலை.

"நான் ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டுல்லா போனேன்!" ஆனந்தகிருஷ்ணன் தலையில் கைவைத்தார். மையத்தின் அதிகாரி அவர். "எங்க ரூம்ல வச்சாத்தான் பத்திரம்னு நான்தான் வாங்கி வச்சேன். இனி கம்பெனிக்காரங்கிட்ட என்னத்தச் சொல்லுகது?"

சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் ஷாஜன் வந்தார். வாசலில் நின்றே பார்த்தார்.

"ஆடிக் காத்துல்லா! நம்ம ஊரு காத்துக்கு முன்னால தாழ்ப்பாள் எம்மாத்திரம்?" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "போட்டும் பிள்ளே. வேலை எங்கயும் ஓடிப் போகாது."

மெஹ்ருன்னிசா அந்த நேரத்தில்தான் காரைவிட்டு இறங்கினாள். பக்கத்துக் கோட்டாற்றுக்காரி. நிறுவனத்தில் அவள் வேலை, உடைந்த இறக்கையும் பல்சக்கரமும் ஏன் உடைந்தன என்று கண்டுபிடிப்பது. ஆள் எடுக்கவும் அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். கணவாயிலிருந்து வந்த காற்று அவள் துப்பட்டாவை உருவப் பார்த்தது. காம்பவுண்டுக்கு அப்பால் தென்னைகள் எல்லாம் கணவாய்க்கு முதுகைக் காட்டி, கிழக்கே வளைந்து நின்றன.

விஷயம் கேட்டதும் அவள் சென்னைக்குப் போன் போட்டாள். பேசி முடித்தபோது முகம் கடுகடுத்திருந்தது.

"கருவி ஓடலைன்னா திரும்பி வாங்கன்னு சொல்லுதாங்க. அடுத்து ஆள் எடுக்கது இனி வர்ற வருசம்தான்."

"அப்போ எனக்கு?" என்றாள் ஆர்த்திகா.

மெஹ்ருன்னிசா போனைப் பைக்குள் வைத்தாள். இந்த மாவட்டத்திலிருந்தே ஆள் எடுக்க வேண்டும் என்று மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி வாங்கிய பயணம் இது. வெறுங்கையோடு போனால் இனி யாரும் அவள் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

"சாயங்காலம்தான் ரயிலு. அதுவரைக்கும் இது எப்படி உடைஞ்சதுன்னு பாக்குதேன்" என்றாள்.

பூட்டு பழுதில்லாமல் இருந்தது. ஜன்னல் கம்பிகளும் தாழ்ப்பாளும் வளையவில்லை, மரம் பிளக்கவில்லை. கறுப்புப் பெட்டியை எடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை. திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு நடுவில் சுத்தமாக இரண்டாகியிருந்தது.

ஆர்த்திகா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இந்த அறைக்கு எத்தனை சாவி?"

"மூணு" என்றார் ஆனந்தகிருஷ்ணன். "எங்கிட்ட ஒண்ணு. ஷாஜன் சார்கிட்ட ஒண்ணு. வாட்ச்மேன்கிட்ட ஒண்ணு."

"நேத்து கடைசியா பூட்டுனது?"

"நான்தான். அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்லா."

"ஜன்னல் தானாத் திறந்துக்குமா?"

"நான் இந்த ரூமுக்கு வந்தது சித்திரையிலதான் மேடம். அந்த ஜன்னலைத் திறந்து வச்சும் ஒரு பொட்டுக் காத்து இல்லை. வெளிய ஆளைத் தூக்குது, உள்ள வேர்த்து ஊத்துது. ரெண்டாவது ஃபேன் கேட்டு நாயா அலையுதேன். ஒருத்தனும் கண்டுக்கிடல்லை."

"இந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கிறதுல உங்களுக்கு வருத்தம் ஏதும் உண்டா?"

அவர் ஏறிட்டுப் பார்த்தார். "வருத்தமா? எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் குடுத்தேன்னு மாசாமாசம் பிரின்சிபல் என்னைய நிக்க வச்சுக் கேக்காரு. ஒரு பிள்ளைக்குக் கிடைச்சாலும் எனக்கு உயிரு வரும்."

வாட்ச்மேன் ஆன்ட்ரூஸ் ஆரல்வாய்மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர். சாவி தன் இடுப்பைவிட்டு இறங்கவில்லை என்றார்.

"ராத்திரி காத்து பலமோ?"

"பலம்தான். ஆனா இந்தக் கட்டடத்துல வராந்தாப் பக்கம்தான் மேடம் அடிக்கும். கதவெல்லாம் பட்டுப்பட்டுன்னு அடிச்சுக்கிட்டு கெடந்துது."

ஷாஜன் தன் அறையில் காபி வரவழைத்து வைத்திருந்தார். மெஹ்ருன்னிசா அதைத் தொடவில்லை.

"ஆர்த்திகா எப்படிப்பட்ட மாணவி?"

"பத்து வருசத்துக்கு ஒருக்கா வரும் இப்படி ஒரு மூளை. ஆராய்ச்சிக்குன்னே பிறந்த பிள்ளை."

"அது காத்துலதான் உடைஞ்சதுன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?"

"அனுபவம்தான். எங்க புது லேப் கட்டினப்ப, ஐப்பசியில இருந்து தை வரைக்கும் அந்த ரூம்லதான் வகுப்பு எடுத்தேன். அந்த ஜன்னலைத் திறந்தாப் போதும், மேசை மேல உள்ள பேப்பரெல்லாம் வாசலுக்குப் பறந்து போயிரும். ஒருநாள் ஒரு மீட்டரையே தள்ளிவிட்டுது."

"பொறவு அந்த ரூமுக்குப் போனீங்களா?"

"எனக்கு அங்க என்ன வேலை?"

மெஹ்ருன்னிசா எழுந்தாள். "வாங்க சார், இப்பப் போவோம்."

அறையில் ஆனந்தகிருஷ்ணனும் ஆர்த்திகாவும் இருந்தார்கள். தகவல் போய், கல்லூரி முதல்வரும் வந்து நின்றார். மெஹ்ருன்னிசா ஜன்னலை அகலத் திறந்தாள். மேசைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தாள். வெளியே தென்னைகள் பேயாட்டம் ஆடின. செய்தித்தாள் அசையவில்லை.

"இந்த ஜன்னல் கிழக்கே பாத்து இருக்கு" என்றாள். "ஆடிக் காத்து கணவாய் வழியா மேற்க இருந்து வருது. வந்து கட்டடத்தோட முதுகுல, வராந்தாவுல அடிக்கும். இந்த ஜன்னல் வழியா உள்ள வந்து, ஒரு கருவியை வாசலைப் பாத்துத் தள்ள அதால முடியாது."

முதல்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இன்னும் இருக்கு சார். பெட்டியில கீறல்கூட இல்லை. உள்ள போர்டு மட்டும் ரெண்டாயிருக்கு. ஒருத்தர் மூடியைக் கழற்றி, கையால ஒடிச்சு, திரும்ப மூடியிருக்காரு. எதை ஒடிச்சா இன்னைக்குள்ள சரிபண்ண முடியாதுன்னு அவருக்குத் தெரியும். பொறவு ஜன்னலைத் திறந்து வச்சு, காத்து மேல பழியைப் போட்டுட்டாரு."

அவள் ஆனந்தகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"நீங்களா இருந்தா அந்த ஜன்னலைத் தொட்டிருக்க மாட்டீங்க. அதுல காத்தே வராதுன்னு புலம்பிக்கிட்டு இருக்கிற ஆளு நீங்க. ஆன்ட்ரூஸ் இந்த ஊரு காத்துலயே வளர்ந்தவரு, வராந்தாப் பக்கக் கதவைத் திறந்து போட்டிருப்பாரு. இது காத்தை உள்ள விடுற ஜன்னல்னு நம்புறவரு, வாடைக் காத்துக் காலத்துல மட்டும் இந்த ரூம்ல இருந்தவரு. ஐப்பசியிலயும் கார்த்திகையிலயும் காத்து வடகிழக்குல இருந்து வரும். அப்ப நீங்க சொன்னது உண்மைதான், ஷாஜன் சார். இடையில காத்து திசை மாறிட்டு. நீங்க கவனிக்கல்லை."

ஷாஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ காற்றாலையில ஏறி நட்டு முறுக்கப் போறா" என்றார் கடைசியில். "எனக்கு ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டம் கிடைச்சிருக்கு. அவ இல்லாம அது நடக்காது. இந்த வேலை இல்லன்னு ஆனா இங்கயே இருப்பான்னு நெனச்சேன். அவ நல்லதுக்கும்தான்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

பதில் ஆர்த்திகாவிடமிருந்து வந்தது.

"கேக்கல்லை மேடம். நான்தான் கேட்டேன். இன்டர்வியூல என்ன கேப்பாங்க, எப்படிப் பேசணும், சொல்லித் தாங்கன்னு ரெண்டு தடவை இவரு ரூமுக்குப் போனேன். அது பிளேஸ்மென்ட் வேலை, அங்க போய்க் கேளுன்னாரு." ஆனந்தகிருஷ்ணனைப் பார்த்தாள். "உங்ககிட்டயும் வந்தேன் சார். பாடம் சம்பந்தப்பட்டது டிபார்ட்மென்ட்லதான் கேக்கணும்னீங்க. பயோடேட்டாவில போட்டோவை மட்டும் மாத்தச் சொன்னீங்க."

ஆனந்தகிருஷ்ணன் தரையைப் பார்த்தார்.

முதல்வர் தொண்டையைக் கனைத்தார். "இதை நமக்குள்ளயே பேசித் தீத்துக்கிடலாம். காலேஜ் பேரு இருக்குல்லா."

மெஹ்ருன்னிசாவுக்கு அந்த மேசையையே புரட்டிப் போட வேண்டும்போல் இருந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, ஆர்த்திகாவை மட்டும் எதிரே உட்கார வைத்தாள்.

"உண்மையைச் சொல்லு மக்கா. பெட்டியை ஆட்டிப் பாத்தப்பவே உனக்குத் தெரிஞ்சுட்டு, இல்லையா?"

ஆர்த்திகா தலையசைத்தாள்.

"உள்ள ரெண்டு துண்டு உருளுற சத்தம் கேட்டுது. பெட்டி உடையாம போர்டு உடையாது. ஆனந்தகிருஷ்ணன் சாருக்கு அதைக் கழற்றவே தெரியாது."

"அப்பவே ஏன் சொல்லல்லை?"

"இன்னும் ஒரு வருசம் இங்க படிக்கணும் மேடம். இன்டர்னல் மார்க்கு முழுக்க அவரு கையில."

மெஹ்ருன்னிசா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "ஒரு இறக்கையில விரிசல் இருக்குன்னு தெரிஞ்சும், மேலதிகாரிக்குப் பயந்து நீ வாயை மூடினா, கீழ நிக்கிறவன் செத்துப் போவான். தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப என்ன செய்வே?"

ஆர்த்திகா நிமிர்ந்தாள். "சொல்லுவேன். இன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னேன்லா? பயம் இருந்துது, ஆனா சொல்லிட்டேன்."

மெஹ்ருன்னிசா மறுபடியும் சென்னைக்குப் போன் போட்டாள். இந்த முறை அவள்தான் அதிகம் பேசினாள். கருவி இல்லாமலே ஆளைச் சோதிக்கிறேன், தவறினால் பொறுப்பு என்னுடையது என்றாள். அந்த அறையிலேயே, வேர்க்க வேர்க்க, மதியம்வரை நேர்காணல் நடந்தது. உடைந்த துண்டுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் என்ன கேட்கும், எப்படிக் கேட்கும் என்று ஆர்த்திகா விளக்கினாள். இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது என்றாள். மற்றவற்றுக்கு அவளை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆவணியில் வேலை உத்தரவு வந்தது.

ஷாஜன்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. மெஹ்ருன்னிசா நிறுவனத்தின் பெயரில் எழுதிய புகாருக்கு, 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரியோடு கல்லூரி நிறுத்திக்கொண்டது. இன்டர்னல் மதிப்பெண்ணை மட்டும் வேறு ஆசிரியர் போட்டார். அதற்கே மெஹ்ருன்னிசா மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது.

உத்தரவு வந்த அடுத்த வாரம் கல்லூரி வாசலில் ஒரு பெரிய பேனர் எழும்பியது. நடுவில் ஆர்த்திகாவின் படம். இடப்பக்கம் ஆனந்தகிருஷ்ணன், வலப்பக்கம் ஷாஜன், இருவரும் சிரித்துக்கொண்டு. கீழே கொட்டை எழுத்தில்: 'துறையும் வேலைவாய்ப்பு மையமும் கைகோத்து உருவாக்கிய வெற்றி.'

பஸ்ஸைவிட்டு இறங்கிய ஆர்த்திகா அதை ஒருமுறை முழுதாக வாசித்தாள். பிறகு புத்தகப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அதன் அடியில் குனிந்து உள்ளே போனாள். முதல் பிரிவேளை ஷாஜன் சார் வகுப்பு.