மூளை இல்லாத மதர்போட்

மதர்போட் சூடாக இருந்தது. இன்னும் கரண்ட் கொடுக்கவேயில்லை. தக்சாயினி கையை வெடுக்கென்று எடுத்தாள். விரலில் ஈரமண் மணத்தது.

போன மாதம், சாவகச்சேரி வீட்டின் நடு அறையைக் கொத்திப் புதுச் சீமெந்து போடும்போது, பொலித்தீன் சுற்றிய பொதியாக அது நிலத்துக்கடியில் கிடந்தது. தம்பி சிவகரனின் கொம்பியூட்டர். ரீவியில் பூட்டி இரவுபகலாகத் தட்டிக்கொண்டிருப்பான். யார் புதைத்தது? தெரியாது. எண்பத்தொன்பதில் அவளோடு சண்டை பிடித்துக்கொண்டு படியிறங்கியவன், "போட்டு வாறன்" என்று, போய்த் திரும்பி வருவதாகச் சொல்லாமல், வெறுமனே "போறன்" என்றான். இவளும் ஆத்திரத்தில் "போ" என்றுவிட்டாள். வீட்டைவிட்டுப் புறப்படுகிறவனை யாராவது அப்படி அனுப்புவார்களா? பாழாய்ப்போன வாய். அவன் திரும்பவேயில்லை. இந்த மதர்போட்டுக்குள் ஒரு வரியாவது எழுதி வைத்திருப்பான். வைத்திருக்க வேண்டும், கடவுளே.

ரேடியோ திருத்துகிற லயனல் பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு சிப்பாக இலக்கம் வாசித்தார். வெளியே பஸ் இரைந்து போனது. சீமெந்து மணம் இன்னும் அந்த நடு அறையைவிட்டுப் போகவில்லை.

"இது கடையிலை வந்த சாமானில்லை, பிள்ளை. ஒரு பகுதி ஒண்டின்ரை, மற்றது வேறை ஒண்டின்ரை. உம்மடை தம்பி தன்ரை கையாலை ஒட்டியிருக்கிறான்." கண்ணாடி ஓரிடத்தில் நின்றது. "மூளைச் சிப்பைக் காணேல்லை. பாரும், அது இருக்கிற சொக்கற் வெறுமை. உது வேலை செய்யாது."

"ஒருக்காப் போட்டுப் பாருங்கோ, அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

கீபோட்டையும் ரீவியையும் பூட்டி, சுவிச்சைப் போட்டார். ரீவி இரைந்தது. கறுப்புத் திரையில், ஆங்கில எழுத்தில், ஒரு தமிழ்ச் சொல்.

போறன்.

பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுங்கியது. பதிலுக்குக் காத்திருந்தது.

லயனல் பாய்ந்து இரண்டு பிளக்கையும் பிடுங்கினார். திரை அணையவில்லை.

"ஆண்டவரே! பிள்ளை, எழும்பும். வெளியிலை வாரும்!"

அவள் எழும்பவில்லை. முப்பத்தாறு வருடம். இந்த முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள்.

போட்டு வா.

மினுங்கல் நின்றது. வெறும் சொக்கற்றின் துளைகளிலிருந்து ஈரமண் புழுப்போலத் தள்ளிக்கொண்டு வந்தது. திரையில் எழுத்து விழுந்தது.

வாறம் அக்கா.

மறுபடி வாசித்தாள். ஒருத்தன் சொல்லும் வாறன் இல்லை.

வாறம்.

லயனல் ஓடுகிற சத்தம் முற்றம்வரை கேட்டது. பிறகு தட்டுகிற சத்தம். அவளுடைய பாதத்துக்குக் கீழே. ஒன்று. குசினி அடுப்புக்குக் கீழே. கிணற்றடியில். வேலிக்கு அப்பால், பக்கத்து வளவிலும்.

"சிவா," என்றாள். "நீ மட்டும் வா. நீ மட்டும்."

நடு அறையின் புதுச் சீமெந்து, கொதிக்கிற கஞ்சி மாதிரி, பத்திருபது இடங்களில் ஒரேயடியாக மேலெழும்பத் தொடங்கியது.