எதிர்ச் சன்னல் பாட்டு

புத்தாண்டு பிறந்தாலே அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் அடிமைக் குடும்பங்கள் பிரியும். அன்றுதான் எஜமானர்கள் அவர்களைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விடுவார்கள்.

அந்த வருடம் சிறுமி தாமாரும் தங்கை பீபியும் ஒரு புகையிலைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். அம்மாவை எதிர்த் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவே ஒரு தெருதான். இருந்தும் பார்க்க வழியில்லை.

புகையிலையின் நடு நரம்பை உரிக்க வேண்டும். பீபி உரித்தாளோ இல்லையோ, ஓயாமல் அழுதாள்.

"ஏய் குட்டி! இன்னொரு தடவை அழுதே, உன்னைத் தெற்கே வித்துடச் சொல்லுவேன்!" என்று கத்தினான் கங்காணி.

தெற்கே விற்கப்பட்டவர்கள் திரும்பியதே இல்லை. தாமார் தங்கையின் காதருகே குனிந்தாள்.

"அழாதடி!"

"நான் எங்க அழறேன்? மூக்குதான் அழுது" என்றாள் பீபி.

அங்கே பேசினால் அடி விழும். பாடினால் மட்டும் கங்காணி சும்மா இருப்பான். பாட்டுக்குக் கை வேகமாக ஓடுமே! ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள்.

தாமார் திறந்திருந்த சன்னல் பக்கம் திரும்பி, தேவாலயப் பாட்டின் மெட்டில் எடுத்தாள்.

"கர்த்தாவே, பீபி இங்க இருக்கா!"

கூடமே சேர்ந்து பாடியது. கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சன்னலிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"கர்த்தாவே, அவ அம்மா இங்க இருக்கா!"

"அக்கா, அம்மா குரல்!" பீபி கண்ணைத் துடைத்துக்கொண்டு இலையை எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் பாட்டுதான், அழுகை இல்லை.

கோடையில் ஒரு காலை, தண்ணீர் எடுக்க வெளியே போன தாமார் அப்படியே நின்றுவிட்டாள். கயிற்றில் பிணைத்த அடிமைகளை ரயிலடிக்கு நடத்திப் போனார்கள். அவர்களில் அம்மாவும் இருந்தாள். பாவிகள் அவளை விற்றுவிட்டார்கள்!

அம்மா அவளைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள். போய்விட்டாள்.

உள்ளே பீபி காத்திருந்தாள். "அக்கா, பாட்டை எடேன்."

கங்காணி பக்கத்திலேயே நின்றான். தாமார் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினாள். கூடமும் பாடியது. எதிரே சத்தமே இல்லை. பீபியின் உதடு பிதுங்கியது.

அப்போது எதிர்ச் சன்னலிலிருந்து, யாரோ ஒருத்தியின் கரகரத்த குரல் வந்தது.

"கர்த்தாவே, அவ அம்மா இங்க இருக்கா!"

"அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, இல்லக்கா?"

"ஆமாடி கண்ணு" என்றாள் தாமார். முகத்தை இலைக்கட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அடுத்த அடியை எடுத்தாள்.