மிஞ்சிய போல்ட்

"பின்சீட்ல பாப்பாவை உட்கார வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் ஸ்டீரியோ கடைக்காரர்.

புது ஸ்டீரியோவைப் பொருத்தி முடித்து, மைக் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடைக்குள்ளிருந்து போன் போட்டிருந்தார். அவன் காருக்குள் தனியாக உட்கார்ந்து ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். புதிதாகத் தைத்துப் போட்ட உறையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"இல்லையே, ஏன்?"

"சின்னப் புள்ள ஏதோ முனகுற மாதிரி இருந்துச்சு. தெரு சத்தமா இருக்கும், விடுங்க." அவர் வெளியே வந்து டேஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். "இனி எந்தப் பள்ளத்துல விட்டாலும் அசையாது. பின்பக்கம் ஒரு போல்ட் இருக்கு பாருங்க, வீட்லயே மாட்டுறவங்க அதைத்தான் விட்டுடுவாங்க."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

நாலு மாதத்துக்கு முன்னால் பழைய ஸ்டீரியோவை அவனேதான் மாட்டினான். "ரெண்டு வீடியோ பாத்தா போதும், இதுக்குப் போய் ஒரு ஆளா?" என்று மனைவியிடம் பெரிய நிபுணர் மாதிரி மார்தட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வியர்த்து விறுவிறுத்தான். ஏழு வயது மகள் பின்சீட்டில் சம்மணம் போட்டு, கழற்றிய திருகுகளையெல்லாம் மடியில் கட்டிக் காத்தாள். சாயங்காலம் ஸ்டீரியோ பாடிவிட்டது. ஒரு போல்ட் மட்டும் மிஞ்சியது.

"அப்பா, இதை மறந்துட்டியே!"

"அது கம்பெனிக்காரன் சும்மா சேர்த்துப் போட்டதுடா. நீயே வச்சுக்கோ."

மறுநாள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டேதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். வழியில் ஒரு வேகத்தடை. ஸ்டீரியோ நழுவி வெளியே வந்து ஒயரில் தொங்கியது. அதை உள்ளே தள்ளக் குனிந்தான். ஒரு நொடிதான் இருக்கும். நிமிர்ந்தபோது மரம் முன்னால் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது கையை யாராலும் பிரிக்க முடியவில்லை. மூடிய கையோடுதான் அடக்கம் செய்தார்கள். உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

நாய் குறுக்கே வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். மனைவி நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று அவன் தலையைத் தடவியும் கொடுத்தாள். அந்த ஆறுதல்தான் அவனை உள்ளுக்குள் அரித்துத் தின்றது. பிள்ளை கடைசியாக உட்கார்ந்த இடம் என்று காரை விற்க விடாமல் பழுதுபார்க்க வைத்தவளும் அவள்தான். போனைக் கையில் எடுக்காமல் பேசட்டும் என்று இந்த ஸ்டீரியோவைக் கடையில் கொடுத்துப் போடச் சொன்னவளும் அவள்தான்.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூறல் கண்ணாடியில் விழுந்து விழுந்து வழிய, வைப்பர் தேய்ந்த ரப்பரோடு கீச்சிட்டு அதைத் துடைக்க, புது உறையின் பிளாஸ்டிக் நெடிக்கு அடியிலிருந்து மகளின் பள்ளிப்பையில் அடிக்கும் பென்சில் சீவிய வாசனை மெல்லக் கிளம்பி அவன் பிடரி வரைக்கும் வந்து நின்றது. ஸ்டீரியோ ஒலித்தது. மனைவியின் போன்.

"கிளம்பிட்டீங்களா?"

"வந்துட்டே இருக்கேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"என்னங்க... கட் பண்ணிடாதீங்க." குரல் உடைந்தது. "நம்ம பாப்பாங்க. பின்னாடி நம்ம பாப்பா பேசுறா."

அவன் காதைத் தீட்டினான். வைப்பர் சத்தம்தான். பயத்தையும் மீறி அழுகை முட்டியது. அந்தக் குரலுக்காக உயிரையே கொடுப்பான். அவனுக்குக் கேட்கவில்லை.

"என்ன சொல்றா?"

"அப்பா கீழ பாக்காத, கீழ பாக்காதன்னு... அதையே சொல்லிட்டு இருக்கா."

ஓரமாக நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். சாவியை எடுத்தும் ஸ்டீரியோ அணையவில்லை. திரையில் நொடிகள் ஓடின.

மனைவி இப்போது அவனிடம் பேசவில்லை.

"சொல்லுடா கண்ணு. அம்மா இருக்கேன்... என்ன போல்ட்டு?... அப்பா குடுத்தாரா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"எது தொங்குச்சு?... சரிடா... அப்பா எங்க பாத்தாரு?"

தூறல். பென்சில் வாசனை.

"அப்ப நாய்?"

கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தவில்லை. ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுகிற குரலில் அவனிடம் சொன்னாள்.

"என்னங்க. கையை நீட்டுங்க. அவ அதை உங்ககிட்ட திருப்பிக் குடுக்கணுமாம்."

அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் பின்சீட் காலி. உள்ளங்கையை விரித்து நீட்டினான். இரண்டு சீட்டுக்கும் நடுவே, சில்லென்று, ஒரு சின்னக் கை வந்தது. மூடிய கை.

ஒவ்வொரு விரலாக அது திறக்க ஆரம்பித்தது.