இணைச்சீருக்கு ஆகாதவள்

விடிந்தும் விடியாததுமாக ராசாத்தாள் தன் மகளைக் கல்யாண மண்டபத்தின் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணு புவனா, கரண்ட்டு போய்ப் போய் வருது. நீதான் பெரிய கரண்ட்டு இஞ்சினியராச்சே... இந்த ஜெனரேட்டர்கிட்ட நின்னு பாத்துக்க சாமி."

"தம்பிக்கு இணைச்சீர் பண்ற நேரமாச்சும்மா. நான் அங்க நிக்க வேண்டாமா?"

"அதுக்கு உன்ற சித்தப்பன் மவ சண்முகப்பிரியா நிக்கறா. நீ... தாலியறுத்தவ. சபையில நாலு பேரு நாலு சொல்லுவாங்கல்ல!"

கணவன் செத்த மறுவருஷமே ஓமானுக்குப் போனவள் புவனா. பாலைவனத்துத் துணைமின் நிலையங்களில் எட்டு வருஷம் வெந்து, தம்பி மிதுனைப் படிக்க வைத்தாள். மறுமணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தம்பி தலையெடுக்கட்டும்" என்று தட்டிக்கழித்தாள். அப்போதெல்லாம் அபசகுனமாகத் தெரியாதவள் இன்றைக்குத் தெரிகிறாளாம்! அதையும் அவள் எடுத்துக் கொடுத்த பட்டைக் கட்டிக்கொண்டே அம்மா சொன்னாள். சீ... என்ன ஜென்மங்கள்!

கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை உடன்பிறந்தவளும் பிடித்து நிற்கும் சீர் அது. தம்பியும் இதற்குச் சம்மதித்துவிட்டானே என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

சற்று நேரத்தில் உள்ளே மேளம் நின்றது. மிதுன் மாப்பிள்ளைக் கோலத்தோடு ஓடி வந்தான். கையில் கூறைச்சேலை. பின்னாலேயே ராசாத்தாளும் பதறிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க அக்கா, சீருக்கு வரமாட்டேன்னு சொல்லிப்போட்டீங்களாமா?"

"நானா? யாரு கண்ணு சொன்னது?"

"அம்மாதானுங்க... 'அவளே வேண்டாம்னுட்டா, போய்க் கேட்டு அழ வெக்காதே'ன்னாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க."

ராசாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மிதுன் அம்மாவை அருவருப்போடு பார்த்தான். பிறகு சேலை முனையை நீட்டினான்.

"புடிங்க அக்கா... நீங்க புடிக்காட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாங்க!"

புவனா அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். இருவரும் சேர்ந்துதான் மேடையேறினார்கள். அம்மா பயந்த அந்த நாலு பேரும் பேசாமல் அட்சதை போட்டார்கள்.

மத்தியானம் புவனா ஓமானுக்குத் திரும்ப, விமான நிலையத்துக்குப் போகக் கார் வந்தது. ராசாத்தாள் ஓடி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"அம்மாவ மன்னிச்சுப்போடு கண்ணு... மறுக்கா எப்ப வருவே?"

புவனா அந்தக் கையை மெல்ல விலக்கினாள். தம்பியின் கண்ணீர் அவளைக் கரைத்திருந்தது. இந்தக் கண்ணீர் கரைக்கவில்லை. ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் போடும் மரியாதை 'ங்க'வைப் பெற்றவளுக்கு மட்டும் அவள் போட்டதே இல்லை. பேசப் பழகிய நாளிலிருந்து 'நீ, வா, போ'தான்.

"தம்பி கூப்புட்டா வாரேனுங்க... நீங்க உடம்பப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.